ஹட்டனிலிருந்து ஜித்தா எவ்வளவு தூரம்?

பிரயாணம் வேதனையின் ஒரு பகுதி. அது மனிதனின் உணவையும் பானத்தையும் தூக்கத்தையும் தடுத்து விடுகிறது. ஆகவே போன காரியம் முடிந்ததும் குடும்பத்தாரிடம் விரைந்து திரும்புங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியதாக புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் ஹதீஸ் பதிவாகியுள்ளது. ஒட்டகத்தில் போனவர்களுக்குச் சொல்லப்பட்ட இந்த வார்த்தை, ஆகாய விமானத்தில் போகும் நமக்கும் பொருந்துமா? இன்று நம் மலையகத்திலிருந்து உம்ராவுக்குச் செல்லும் சகோதரிகள் பெருகி வருகிறார்கள். வயிற்றுப் பிழைப்புக்காக வளைகுடா நாடுகளுக்குச் செல்லும் தாய்மாரும் இருக்கிறார்கள். அவர்களுடைய பாதையை மைல் மைலாகவும் மணி மணியாகவும் கணக்கிட்டுப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

ஆறு நிமிடமும் ஐந்து மணி நேரமும்

ஹட்டன் நகரத்திலிருந்து கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு வரைபடத்தில் ஒரு நேர்கோடு போட்டால் அது ஏறக்குறைய 86 கிலோமீட்டர் வரும். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானத்துக்கு இது ஆறு நிமிட வேலை. ஆனால் மலையில் நேர்கோடு என்று ஒன்று கிடையாது. கினிகத்தேனை, கித்துல்கலை, யட்டியாந்தோட்டை, அவிசாவளை என்று வளைந்து வளைந்து இறங்கும் வீதியில் கொழும்புக்கே ஏறக்குறைய 130 கிலோமீட்டர். அங்கிருந்து கட்டுநாயக்க இன்னும் முப்பது கிலோமீட்டருக்கு மேல். தடங்கல் இல்லாத நாளிலும் ஐந்து மணி நேரம் பிடிக்கும். நுவரெலியாவிலிருந்து வருபவருக்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் கூடும்.

புகையிரதப் பாதையோ இதைவிட நீளம். கொழும்பு கோட்டையிலிருந்து ஹட்டன் வரை 173 கிலோமீட்டர். கடல் மட்டத்திலிருந்து 1,262 மீற்றர் உயரத்திலுள்ள அந்த நிலையத்துக்கு ஏறுவதற்காக, 44 அடி சென்றால் ஓரடி உயரும் சரிவுகளில் வெள்ளையர் பாதை அமைத்தார்கள். 1885இல் அது நானுஓயாவை எட்டியது. கொழுந்தையும் தேயிலைப் பெட்டிகளையும் நினைத்துப் போட்ட பாதையே தவிர, மனிதரின் அவசரத்தை நினைத்துப் போட்டதல்ல. மலையை ஊடறுப்பதை விடச் சுற்றிப் போவது மலிவு என்பதால் கோச்சி சுற்றிச் சுற்றியே ஏறுகிறது.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் அடித்தபோது மண்சரிவுகளால் மலையகத்தின் வீதிகளும் புகையிரதப் பாதையும் பல இடங்களில் துண்டிக்கப்பட்டன. ஆறு நிமிடத் தூரம் அந்நாட்களில் போகவே முடியாத தூரமாயிற்று. ஆகவே மழைக்காலத்தில் விமானம் ஏறுபவர்கள் முதல் நாளே கொழும்புக்கு இறங்கி, உறவினர் வீட்டிலோ தெரிந்தவர் வீட்டிலோ தங்கிக் கொள்வதுதான் புத்திசாலித்தனம். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வையுங்கள் என்பது நமக்குக் கற்பிக்கப்பட்ட பாடமல்லவா?

வானத்தில் ஆறு மணி நேரம்

கட்டுநாயக்கவிலிருந்து ஜித்தா, வானவழியில் ஏறக்குறைய 4,650 கிலோமீட்டர். நேரடி விமானம் சுமார் ஆறு மணி நேரத்தில் சென்று விடும். வேறு நாட்டில் இறங்கி மாறிச் செல்லும் விமானமானால் பத்து, பன்னிரண்டு மணி நேரமும் ஆகலாம்.

இப்போது கூட்டிப் பாருங்கள். வீட்டிலிருந்து விமான நிலையத்துக்கு ஐந்து மணி நேரம். பயணச் சோதனைகளுக்காக மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும். பறப்பது ஆறு மணி நேரம். ஜித்தாவில் குடிவரவுச் சடங்குகளை முடித்து, பெட்டிகளை எடுத்து, மக்காவுக்கு ஏறக்குறைய 80 கிலோமீட்டர் சென்று சேர மேலும் மூன்று மணி நேரம். ஆக மொத்தம் பதினேழு மணி நேரம். இதில் வானத்தில் கழிவது மூன்றில் ஒரு பங்கு மாத்திரமே. “ஆறு மணி நேரப் பயணம்தானே” என்று நினைத்துப் புறப்படுகிறவர்கள் களைத்துப் போவது இதனால்தான். பதினேழு மணி நேரமும் தூக்கமும் உணவும் தடுக்கப்படும்போது, ஹதீஸின் வார்த்தை இன்றும் உண்மையாகவே இருக்கிறது.

தாங்கள் விரும்பிய ஊருக்கு உடல் வருந்தாமல் போய்ச் சேர முடியாத மனிதருடைய சுமைகளைக் கால்நடைகள் சுமந்து செல்வதை அல்லாஹ் சூரத்துந் நஹ்லின் 7ஆம் வசனத்தில் நினைவூட்டுகிறான். அடுத்த வசனத்தில் குதிரை, கோவேறு கழுதை, கழுதை ஆகியவற்றைச் சொல்லிவிட்டு, நீங்கள் அறியாதவற்றையும் அவன் படைப்பான் என்கிறான். கோச்சியும் விமானமும் அந்த ‘அறியாதவற்றில்’ அடங்கும் என்று இக்கால விளக்கவுரையாளர்கள் கூறுவார்கள்.

நடந்து வந்தவர்களின் தூரம்

நமக்கு முன் இந்த மலைகளுக்கு வந்தவர்களின் தூரத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மொரோக்கோவின் தஞ்சியரிலிருந்து 1325இல் ஹஜ்ஜை நாடிப் புறப்பட்ட இப்னு பதூதா, ஊர் ஊராகச் சுற்றி 1344இல் இலங்கை வந்து, மஸ்கெலியாப் பக்கம் நாம் தினமும் காணும் பாவா ஆதம் மலையில் ஏறினார். அவர் ஊரை விட்டுப் புறப்பட்டு அப்போது பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன.

கோப்பித் தோட்டக் காலத்தில் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர்கள் மன்னார்க் கரையில் இறங்கி, நூறு மைலுக்கு மேல் காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் வழியில் மாண்டு போனவர்கள் ஏராளம். 1914இல் தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பல் சேவை தொடங்கியதும் வாரக் கணக்கு நாள் கணக்கானது. 1964 டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி 5,25,000 பேர் இந்தியாவுக்குரியவர்கள் என்று கணக்கிடப்பட்டார்கள். இவர்களை ஏற்றித் தலைமன்னாருக்குப் போன கோச்சியை மலையக மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்றே அழைத்தார்கள். பாக்கு நீரிணையின் அகலம் அங்கே முப்பத்தைந்து கிலோமீட்டர் அளவே. அந்தக் கோச்சியில் போனவர்களுக்கு அது ஒரு பிறப்புக்கும் மறு பிறப்புக்கும் உள்ள தூரம்.

மார்க்கம் எதை அளக்கிறது?

விமானத்தில் சுகமாகப் போகிறவருக்கு நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கும் சலுகை எதற்கு என்று பலர் கேட்கிறார்கள். “களைப்பே இல்லையே, முழுதாகத் தொழுதால்தான் மனதுக்குத் திருப்தி” என்று சொல்லும் தாய்மாரும் உண்டு.

கஸ்ரு செய்வதற்கான அனுமதி சூரத்துந் நிஸாவின் 101ஆம் வசனத்தில் வந்திருக்கிறது. அச்சமான நிலையைக் குறிப்பிட்டு அந்த வசனம் இறங்கியதால், அச்சம் நீங்கிய பின்னும் ஏன் சுருக்க வேண்டும் என்று உமர் (ரழி) அவர்களே நபியவர்களிடம் கேட்டார்கள். அது அல்லாஹ் உங்களுக்கு வழங்கிய தர்மம், அவனுடைய தர்மத்தை ஏற்றுக் கொள்ளுங்கள் என்ற கருத்தில் பதில் கிடைத்தது. கொடுப்பவன் அல்லாஹ் என்னும்போது வேண்டாம் என்று கை விரிப்பது பேணுதலாகாது.

நம் நாட்டில் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில் கஸ்ருக்குரிய தூரம் இரண்டு மர்ஹலா. சுமையேற்றிய பிராணி நடுத்தர வேகத்தில் இரண்டு நாள் செல்லும் தூரம் என்பது அதன் பொருள். அதை 16 பர்ஸக், 48 ஹாஷிமீ மைல் என்று இமாம்கள் வரையறுத்தார்கள். இன்றைய அளவில் 81 முதல் 89 கிலோமீட்டர் வரை பலவாறு கணிக்கப்படுகிறது.

இரண்டு நாள் தூரத்தை இரண்டு மணி நேரத்தில் கடந்தால் சலுகை போய்விடுமா? ஹிஜ்ரி 676இல் (கி.பி. 1277) வபாத்தான இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தமது மின்ஹாஜில் இதற்கு விடை சொல்லியிருக்கிறார்கள். கடலும் தரையைப் போன்றதே. கப்பலில் அந்த மைல்களை ஒரு நாழிகைக்குள் கடந்து விட்டாலும் கஸ்ரு செய்யலாம் என்பது அங்குள்ள சட்டத்தின் சாரம். காற்றின் வேகத்தில் பாயும் பாய்க்கப்பலை மனதில் வைத்து எழுதியது, எழுநூறு ஆண்டுகளுக்குப் பின் விமானத்துக்கும் பொருந்தி நிற்பதைப் பாருங்கள். நாள்கணக்கு அந்தத் தூரத்தை வரையறுக்க உதவியது. வரையறுத்த பிறகு கவனிக்கப்படுவது தூரம் மட்டுமே.

இதற்கு மறுபக்கமும் உண்டு. ஹட்டனிலிருந்து கண்டிக்குப் பஸ்ஸில் போனால் மூன்று மணி நேரம் வரை ஆகும். குலுங்கிக் குலுங்கி உடம்பே நொந்து போகும். ஆனாலும் வீதியின் நீளம் 80 கிலோமீட்டரை எட்டாததால் அங்கே கஸ்ரு இல்லை. நுவரெலியாவுக்கும் இல்லை. கொழும்புக்கு உண்டு. வானத்து நேர்கோடு இங்கே கணக்கில் இல்லை. நாம் போகும் பாதையின் நீளமே கணக்கு. இரண்டு பாதைகள் இருந்து, தேவை எதுவுமின்றிச் சுருக்கித் தொழுவதற்காகவே நீண்ட பாதையைத் தேர்ந்தெடுத்தால் சலுகை இல்லை என்பதையும் மறந்துவிடக் கூடாது. வீட்டு வாசலில் நின்று கஸ்ரைத் தொடங்கவும் முடியாது. ஊரின் குடியிருப்புகளைக் கடந்த பிறகே அது ஆரம்பமாகிறது.

மாலை மூன்று மணி விமானம்

ஓர் உதாரணம் பார்ப்போம். மாலை 3 மணிக்குக் கட்டுநாயக்கவிலிருந்து புறப்படும் நேரடி விமானம். ஸுபஹ் தொழுதுவிட்டுக் காலை 6 மணிக்கு ஹட்டனை விட்டுப் புறப்பட்டால் பகல் பதினொன்றளவில் விமான நிலையத்தில் இருப்பீர்கள். பன்னிரண்டேகால் மணியளவில் ளுஹர் நேரம் வந்துவிடும். ஆனால் அஸர் நேரம் நுழைவதற்கு முன்பே விமானம் கிளம்பிவிடும்.

அதன் பிறகு ஒரு புதுமை நிகழும். விமானம் மேற்கே சூரியனைத் துரத்திக் கொண்டு போகிறது. நம் ஊரில் ஆறேகால் மணிக்கு அஸ்தமிக்கும் சூரியன், ஜன்னலில் அசையாமல் நிற்பது போல நிற்கும். நம் கடிகாரத்தில் இரவு 9 மணியாகும் வரை அந்த மாலை நீளும். அந்த நேரத்தில்தான் விமானம் ஜித்தாவில் இறங்கும். அங்கே அப்போது மாலை ஆறரை. சவூதி நேரம் நமக்கு இரண்டரை மணி பிந்தியது.

ஆகவே பயணி செய்ய வேண்டியது இதுதான். விமான நிலையத்தில் ளுஹரை இரண்டு ரக்அத்தாகவும், உடனே அஸரை இரண்டு ரக்அத்தாகவும் முற்படுத்திச் சேர்த்துத் தொழுது கொள்ள வேண்டும். ளுஹர் தொழுகையிலேயே சேர்க்கும் நிய்யத் இருக்க வேண்டும். ளுஹரை முதலில் தொழ வேண்டும். இரண்டுக்கும் இடையே நீண்ட இடைவெளி விடக் கூடாது. மஃரிபையும் இஷாவையும் ஜித்தாவில் நிலத்தில் நின்று தொழலாம். நெருக்கமான ஆசனத்தில், கிப்லா தெரியாமல், வுழூவுக்குத் தண்ணீர் தேடித் தவிக்கும் நிலை ஏற்படாது. “சுருக்க மாட்டேன், சேர்க்க மாட்டேன்” என்று பிடிவாதம் பிடிப்பவர்களே கடைசியில் அஸரைத் தவறவிடுகிறார்கள்.

ரமழானில் உம்ராவுக்குப் போகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். நோன்போடு இந்த விமானத்தில் ஏறினால், நம் ஊர் மஃரிப் நேரத்தைப் பார்த்து நோன்பு திறக்க முடியாது. உங்கள் கண்ணுக்குச் சூரியன் மறைந்தால்தான் இப்தார். அதிகாலை ஐந்துக்கு முன் ஆரம்பித்த நோன்பு பதினாறு மணி நேரத்தைத் தாண்டும். பயணிக்கு நோன்பை விடும் சலுகை உண்டு. ஆனால் நம் மத்ஹபின்படி, ஸுபஹ் நேரம் நுழைவதற்கு முன் ஊர் எல்லையைக் கடந்தவருக்கே அன்றைய நோன்பை விட அனுமதி. நோயாளிகளும் வயோதிபரும் இதைக் கவனித்துப் புறப்படும் நேரத்தைத் தீர்மானிக்கட்டும்.

இஹ்ராம் விடயமும் இந்தக் கணக்கில்தான் வருகிறது. ஜித்தாவில் இறங்கிய பின் இஹ்ராம் கட்டலாம் என்று காத்திருந்தால் விமானம் மீகாத் எல்லையைக் கடந்துவிட்டிருக்கும். குளித்து ஆயத்தமாகி ஏறி, விமானத்தில் அறிவிப்புச் செய்ததும் நிய்யத் வைத்துத் தல்பியாவைத் தொடங்குங்கள். மாதவிடாய் உள்ள சகோதரியும் இஹ்ராம் கட்டலாம், கட்ட வேண்டும். தவாபை மட்டும் சுத்தமாகும் வரை பிற்படுத்த வேண்டும்.

திரும்பும் பயணத்தில் எல்லாம் தலைகீழ். ஜித்தாவில் இரவு 10 மணிக்கு ஏறினால் ஐந்தரை மணி நேரத்தில், நம் நேரப்படி காலை ஆறு மணியளவில் கட்டுநாயக்கவில் இறங்குவீர்கள். கிழக்கே போவதால் இரவு சுருங்கி விடும். ஸுபஹ் நேரம் விமானத்தின் கடைசி ஒரு மணி நேரத்தில் வந்து, நீங்கள் வெளியே வருவதற்குள் சூரியன் உதித்துவிடும். “இறங்கித் தொழுது கொள்ளலாம்” என்று கண்ணயர்ந்தால் ஸுபஹ் கழாவாகும். வுழூவோடு இருந்து, பணிப்பெண்ணிடம் அனுமதி கேட்டு, இடமுள்ள பக்கத்தில் கிப்லாவை நோக்கி நின்று தொழுது விடுங்கள். அதற்கு வழியே இல்லையென்றால், நேரத்தின் கண்ணியத்துக்காக ஆசனத்திலேயே தொழுதுவிட்டு வீட்டில் மீட்டித் தொழுங்கள். ஸுபஹுக்குக் கஸ்ரு இல்லை என்பதும் நினைவிருக்கட்டும்.

உம்மா இருக்கும் திசை

ஒரு நாள் ஐந்தாம் வகுப்பில் கிப்லா பற்றிப் பாடம் நடத்திக் கொண்டிருந்தேன். ஒரு சிறுமி எழுந்து, “சேர், ஜித்தா எவ்வளவு தூரம்?” என்று கேட்டாள். அவளுடைய உம்மா அங்கே ஒரு வீட்டில் வேலை செய்கிறார் என்பது வகுப்புக்கே தெரியும்.

“நாலாயிரத்து எழுநூறு கிலோமீட்டர் மகள்” என்றேன். அவளுக்கு அந்த எண் எதையும் சொல்லவில்லை. “பிளேன்ல ஆறு மணித்தியாலம்” என்றேன். “அப்ப ஏன் சேர் ரெண்டு வருஷம்?” என்றாள்.

கரும்பலகையில் படம் வரைந்து காட்டினேன். ஹட்டனில் நமது கிப்லா நேர் மேற்கல்ல. மேற்கிலிருந்து ஏறக்குறைய 25 பாகை வடக்கே சாய்ந்தது. மக்காவும் ஜித்தாவும் அருகருகே இருப்பதால், இங்கிருந்து இரண்டும் ஒரே திசைதான். “நீ தொழுகைக்கு நிற்கும்போது உன் முகம் உம்மா இருக்கும் பக்கம்தான் இருக்கிறது. நீ மஃரிப் தொழுது முடித்து ஏறக்குறைய இரண்டே முக்கால் மணி நேரம் கழித்து அதே சூரியன் அங்கே மறையும், உம்மா மஃரிப் தொழுவார்” என்றேன். அன்று முதல் அவள் மஃரிபுக்குப் பின் உம்மாவுக்காக துஆச் செய்துவிட்டே எழுவதாக அவளுடைய வாப்பும்மா பின்னர் சொன்னார்.

பெண் துணையின்றித் தூரப் பயணம் போவதை மார்க்கம் தடுத்திருப்பதை நாம் அறிவோம். அவளுடைய பாதுகாப்பையும் கண்ணியத்தையும் நாடியே அந்தத் தடை வந்தது. அந்த ஹதீஸைச் சொல்லி அந்தத் தாயைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவரை அந்த விமானத்தில் ஏற்றியது எது? கடைக்காரரின் கடன் கொப்பியும், ஒழுகும் கூரையும், மகளின் பள்ளிக்கூடச் செலவும்தானே? இரண்டாவது, மூன்றாவது உம்ராவுக்குப் பணம் சேர்க்கும் நாம், அதே பணத்தில் நம் மஹல்லாவில் ஒரு தாயையாவது பிள்ளைகளோடு வீட்டில் இருக்கச் செய்ய முடியாதா? ஒரு தையல் இயந்திரமோ ஒரு சிறு கடையோ போதும், 4,700 கிலோமீட்டரை இல்லாமல் ஆக்கிவிட. ஸகாத் கொடுக்கும்போது தொலைவில் உள்ளவரைத் தேட வேண்டியதில்லை. பக்கத்து லயத்தில், நமது வீதியின் கடைசி வீட்டில் பார்த்தாலே போதும்.

சூரத்துஸ் ஸுக்ருபின் 13, 14ஆம் வசனங்களில் வாகனம் ஏறும்போது சொல்ல வேண்டிய துதி கற்பிக்கப்பட்டுள்ளது. இவ்வாகனத்தை வசப்படுத்தித் தந்தவனைத் துதித்து, இதற்கு நாம் சக்தி பெற்றவர்கள் அல்ல என்று ஒப்புக்கொண்டு, இறுதியில் நம் இறைவனிடமே திரும்புபவர்கள் நாம் என்று அது முடிகிறது. கட்டுநாயக்கவில் ஏறும்போது மட்டுமல்ல, ஹட்டன் பஸ் நிலையத்தில் ஏறும்போதும் அதை ஓதுங்கள். எல்லாப் பயணங்களுக்கும் கடைசி நிறுத்தம் ஒன்றே.

பயணம் போயிருக்கும் நம் தாய்மாரையும் சகோதரிகளையும் அல்லாஹ் ஈமானோடும் கண்ணியத்தோடும் பாதுகாத்து, அவர்களுடைய பிள்ளைகளிடம் நலமாகத் திருப்பி அனுப்புவானாக. தூரத்தைச் சுருக்கித் தருபவன் அவனே. ஆமீன்.